நாளைக் காற்றை இன்றே எழுதுவோம்

எங்கள் பள்ளியில் காலை வருகைப் பதிவு முடிந்ததும் சத்துணவு மையத்துக்கு ஒரு சீட்டு போகும். இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். ஆனால் சீட்டு போய்ச் சேரும் முன்பே சமையல் அக்கா உலையை ஏற்றியிருப்பார். "எண்ணிக்கை தெரியாமல் எப்படிக்கா அரிசி அளக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழை இருட்டிக்கிட்டு இருந்தா பத்துப் பிள்ளைக குறையும் டீச்சர். முளைப்பாரி எடுக்குற அன்னிக்குப் பாதிப் பேரு வராதுங்க. இத்தனை வருசமா பாக்குறேனே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்பாப் போனா ஒண்ணு சோறு மிஞ்சும், இல்ல கடைசியா வர்ற பிள்ளைக்குப் பத்தாது. அதுக்காகத்தான் ஒரு கை அரிசி எப்பவும் கூட வச்சிருப்பேன்" என்றும் சொன்னார்.

அக்கா சொன்ன அந்த இரண்டு நிமிடத்தில் முன்கணிப்பு என்ற பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிலிருந்து கணிப்பது, தவறினால் யாருக்கு இழப்பு, தவறுவோம் என்று தெரிந்தே எவ்வளவு கையிருப்பு வைப்பது ஆகிய மூன்றும் அதில் உள்ளன. இதையே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் காற்றை வைத்துச் செய்து பார்த்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உள்ள நடுநிலைப் பள்ளி எங்களுடையது. ஆனி மாதக் கடைசியில் தொடங்கி ஆடி முடியும் வரை நடந்த அந்தச் செயல்பாட்டில் பிள்ளைகள் கற்றதும் நான் கற்றதுமே இக்கட்டுரை.

மின்சாரமும் சோறும்

சோற்றையாவது இரவு வரை வைத்திருக்கலாம். மின்சாரத்தை அப்படி வைத்திருக்க முடியாது. ஒரு நொடியில் மாநிலம் முழுவதும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, ஏறத்தாழ அதே அளவு அதே நொடியில் உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி குறைந்தால் மின் தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். கூடினால் ஏறும். இரண்டுமே ஆபத்து.

தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம் மாநிலத்தில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறனோ 10,000 மெகாவாட்டுக்கு மேல். 1986இல் தூத்துக்குடியில் சில சிறு காற்றாலைகளுடன் தொடங்கிய முயற்சி இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. காற்று நன்றாக வீசும் ஆடி மாத நாளில் காற்றாலைகள் 5,000 மெகாவாட்டுக்கு மேல்கூடத் தரும். காற்று படுத்துவிட்டால் சில நூறு மெகாவாட்டோடு நின்றுவிடும். அந்தப் பள்ளத்தை வேறு நிலையங்கள்தாம் நிரப்ப வேண்டும். நின்றுபோன அனல்மின் நிலையத்தைச் சூடேற்றி உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். புனல்மின் நிலையம் சில நிமிடங்களில் ஓடத் தொடங்கும். ஆனால் அணையில் நீர் இருக்க வேண்டும். கோவை மாவட்டத்தில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின் நிலையம், மின்சாரம் மிகுந்திருக்கும்போது நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் தருகிறது. அதாவது, அக்கா சொன்ன "ஒரு கை அரிசி". எந்த நேரத்தில் நீரை ஏற்றுவது, எந்த நேரத்தில் இறக்குவது என்று முடிவெடுக்க நாளைக் காற்று எவ்வளவு என்று இன்றே தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு மாணவி எழுந்தாள். "நம்ம ஊர்ல காத்தாடியே இல்லையே டீச்சர், நமக்கு எதுக்கு இது?"

வரைபடத்தை விரித்தோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, இடைவெளி கிடைத்த இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய நான்கு இடங்களையும் பிள்ளைகள் குறித்தார்கள். காற்றாலைகள் அங்கேதான் காடுபோல் நிற்கின்றன. பிறகு நம் ஊரைக் குறிக்கச் சொன்னேன். எல்லாம் ஒரே மின் தொகுப்பில் இணைந்தவை. ஆரல்வாய்மொழியில் வீசும் காற்று நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் ஓட்டுகிறது. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அப்பாக்கள் அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு. "அப்ப சரி டீச்சர்" என்று அமர்ந்தாள்.

பேனா மூடியும் நான்கு கப்புகளும்

கருவியைப் பிள்ளைகளே செய்தார்கள். இரண்டு மெல்லிய மூங்கில் குச்சிகளைக் கூட்டல் குறிபோல் கட்டி, நான்கு முனைகளிலும் தேநீர் குடிக்கும் காகிதக் கப்புகளை ஒரே பக்கம் பார்த்திருக்குமாறு ஒட்ட வேண்டும். குச்சிகள் சேரும் இடத்தில் பழைய பேனா மூடி ஒன்றைக் கவிழ்த்துக் கட்ட வேண்டும். அந்த மூடியைக் கூராக்கிய சைக்கிள் கம்பியின் முனையில் உட்கார வைத்தால் தடையில்லாமல் சுழலும். ஒரு கப்புக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசினால் சுற்றுகளை எண்ணுவது எளிது. இதுவே எங்கள் காற்றுவேகமானி.

விளையாட்டுத் திடலின் நடுவில், சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் ஒரு கம்பு நட்டோம். தினமும் பிற்பகல் 3 மணிக்கு, அதே இடத்தில், அதே உயரத்தில், ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுவதுதான் விதி. இடமும் நேரமும் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது என்பதே பிள்ளைகள் கற்ற முதல் அறிவியல் ஒழுங்கு.

சுற்று எண்ணிக்கையைக் காற்றின் வேகமாக மாற்ற நானும் சக ஆசிரியை ஒருவரும் காற்றே இல்லாத ஒரு விடியற்காலையில் போக்குவரத்து இல்லாத சாலைக்குப் போனோம். நான் ஸ்கூட்டியை மணிக்கு 10 கி.மீ., பின்னர் 20 கி.மீ. வேகத்தில் ஓட்ட, பின்னால் அமர்ந்து அவர் சுற்றுகளை எண்ணினார். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை எண்ணிச் சராசரி எடுத்தோம். லேசான காற்று இருந்தாலும் அதன் பாதிப்பு பெரும்பாலும் கழிந்துவிடும். இதை ஆசிரியர்கள்தாம் செய்ய வேண்டும், பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செய்யக் கூடாது.

அழிப்பான் கதை

தினமும் மாலை வீட்டுக்குப் போகும் முன், நாளை 3 மணிக்கு எத்தனை சுற்று வரும் என்று ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மறுநாள் உண்மையான எண்ணைப் பக்கத்தில் எழுதி வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். இப்படித்தான் தொடங்கினோம்.

இரண்டு வாரம் கழித்துக் குறிப்பேடுகளைத் திருப்பினேன். ஒரு மாணவனின் கணிப்பு எல்லா நாளும் உண்மை எண்ணோடு அப்படியே பொருந்தியிருந்தது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு கணிப்பின் அடியிலும் அழித்த தடம் தெரிந்தது. இன்னும் நான்கைந்து குறிப்பேடுகளிலும் அங்கங்கே அப்படித் தடம் இருந்தது.

அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தப்பா இருந்தா சிவப்பு மையில கோடு போடுவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றான்.

நான் அப்படிக் கோடு போடுவேன் என்று இந்தச் செயல்பாட்டில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்புக் கோடுகள்தாம். எழுதிய விடை சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு. எட்டு ஆண்டுகளாக அவன் பள்ளியில் கற்றது அது. முன்கணிப்பிலோ விடை எப்போதும் கொஞ்சம் தவறாகத்தான் இருக்கும். தவறின் அளவை ஒளிக்காமல் எழுதிவைப்பதுதான் அங்கே வேலை. அவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் முதல் மூன்று மாற்றங்கள் செய்தோம். ஒன்று, கணிப்பைத் துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதித் தேதியிட்டு ஒரு பெட்டியில் போட வேண்டும். மறுநாள் அளந்த பிறகே பெட்டி திறக்கப்படும். இரண்டு, பிழையைக் குறிக்கச் சிவப்பு மை கிடையாது. மூன்று, நானும் சீட்டுப் போடுவேன். என் பிழை கரும்பலகையில் முதல் வரியாக எழுதப்படும். முதல் நாளே என் கணிப்பு 14 சுற்று தள்ளிப் போனது. வகுப்பே கைதட்டியது. அதன் பிறகு தம் பிழையைச் சொல்ல யாரும் தயங்கவில்லை.

எந்தப் பிழை சின்னது?

இப்போது கணக்குக்கு வருவோம். மூன்று முறைகளை ஒப்பிட்டோம். முதல் முறை "இன்று போலவே நாளை" என்று எழுதுவது. இரண்டாவது, கடைசி இரண்டு நாள்களின் சராசரியை எழுதுவது. மூன்றாவது, மேகம், மரக்கிளை, வானிலைச் செய்தி எல்லாம் பார்த்துத் தம் மனத்துக்குப் பட்டதை எழுதுவது.

வகுப்பில் விளக்க எளிதாக ஒரு வாரத்து எண்களைத் தருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அளந்தவை 40, 46, 48, 56, 54 என்று கொள்வோம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளுக்கும் கணிப்போம். "இன்று போலவே நாளை" முறையில் கணிப்புகள் 46, 48, 56. பிழைகள் 2, 8, 2. சராசரி 4. இரண்டு நாள் சராசரி முறையில் கணிப்புகள் 43, 47, 52. பிழைகள் 5, 9, 2. சராசரி 5.3. ஒரு மாணவி மனத்தால் கணித்தவை 50, 50, 64. பிழைகள் 2, 6, 10. சராசரி 6.

எந்த யோசனையும் இல்லாத முதல் முறைதான் வென்றது. பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றம். பல வாரங்கள் இப்படியே நடந்தது. உலகெங்கும் காற்றைக் கணிக்கும் வல்லுநர்களுக்கும் இதுவே முதல் தேர்வு. அடுத்த சில நிமிடங்களுக்கு "இப்போது போலவே" என்பதை வெல்வது மிகக் கடினம். ஒரு கணிப்பு முறை நல்லது என்று சொல்ல வேண்டுமானால், அது இந்தச் சும்மா முறையைவிடக் குறைந்த பிழை தர வேண்டும்.

அந்த மாணவி விடவில்லை. "என் பிழையைக் கூட்டல் கழித்தல் குறியோடு போட்டா மைனஸ் 2, பிளஸ் 6, மைனஸ் 10. கூட்டினா மைனஸ் 6. சராசரி வெறும் 2 தானே டீச்சர்?" என்றாள். அருமையான கேள்வி. ஒருநாள் சோறு மிஞ்சி, மறுநாள் பத்தாமல் போனால், சராசரியில் சரியாகிவிட்டது என்று பசித்த பிள்ளையிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். குறியை நீக்கிவிட்டுப் பிழையின் அளவை மட்டும் ஏன் எடுக்கிறோம் என்பது அந்த இடத்தில் விளங்கிவிட்டது. குறியோடு எடுக்கும் சராசரிக்கும் ஒரு பயன் உண்டு. நாம் எப்போதும் கூட்டியே சொல்கிறோமா, குறைத்தே சொல்கிறோமா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். திங்கட்கிழமைப் பிழை மற்ற நாள்களைவிடப் பெரியதாக இருந்தது. காரணம், அந்தக் கணிப்பு வெள்ளிக்கிழமை எழுதப்பட்டது. தொலைவு கூடக்கூடப் பிழையும் கூடும்.

பிறகு எல்லாச் சீட்டுகளின் சராசரியையும் ஒரு கணிப்பாக எடுத்துப் பார்த்தோம். உண்மை எண் 52 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 என்கிறார், மற்றவர் 60 என்கிறார். பிழைகள் 12, 8. சராசரிப் பிழை 10. ஆனால் அவர்களுடைய கணிப்புகளின் சராசரி 50, அதன் பிழை 2 மட்டுமே. ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் தவறியதால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அதே இருவர் 40, 44 என்று எழுதியிருந்தால்? பிழைகள் அதே 12, 8. கணிப்புகளின் சராசரி 42, பிழை 10. இருவரும் ஒரே பக்கம் தவறினால் சேர்ந்தும் பயனில்லை. நான்கு கணவாய்ப் பகுதிகளிலும் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான காற்றாலைகளின் மொத்த உற்பத்தியைக் கணிப்பது, ஒற்றைக் காற்றாலையைக் கணிப்பதைவிட ஏன் எளிது என்பதற்கு இதுவே விளக்கம்.

கன எண்கள் செய்யும் வேலை

காற்றின் வேகத்தில் செய்யும் சிறு பிழை மின்சாரத்தில் பெரும் பிழையாகும். காரணம், காற்றில் அடங்கியிருக்கும் திறன் வேகத்தின் கனத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. நொடிக்கு 5 மீட்டர் என்றால் 125. நொடிக்கு 6 மீட்டர் என்றால் 216. வேகம் 20 விழுக்காடு கூடினால் திறன் ஏறத்தாழ 73 விழுக்காடு கூடிவிடுகிறது. எட்டாம் வகுப்பில் கன எண்களை நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் கன விதி எல்லா வேகத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு காற்றாலை நொடிக்கு 3 மீட்டர் வேகத்துக்குக் கீழே மின்சாரம் தராது. அதற்கு மேல் விறுவிறுவென்று ஏறும். நொடிக்கு 12 மீட்டர் அளவில் தன் முழுத் திறனை எட்டிவிடும். அதன் பிறகு காற்று கூடினாலும் உற்பத்தி கூடாமல் சமமாக நிற்கும். 25 மீட்டர் அளவைத் தாண்டினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். வரைபடத் தாளில் இதை வரையச் சொன்னால், எந்தப் பகுதியில் கணிப்புப் பிழை அதிகம் வலிக்கும், எங்கே வலிக்காது என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள். நடுவில் உள்ள செங்குத்தான ஏற்றமும் கடைசியில் உள்ள விளிம்பும்தான் ஆபத்தான இடங்கள்.

ஒரு நாளில் 96 கணிப்புகள்

எங்கள் வகுப்பு நாளுக்கு ஒரு கணிப்புச் செய்தது. மின்துறையில் ஒரு நாளைக் கால்மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, 96 துண்டுகளுக்கும் முதல் நாளே உற்பத்தியைச் சொல்ல வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் தமிழ்நாட்டுக்கான காற்றாலை மின் முன்கணிப்பில் 2015 முதல் ஈடுபட்டது. 2019இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காற்று, சூரிய மின் உற்பத்தியை முன்கூட்டிக் கணித்துச் சொல்வதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. கணிப்பிலிருந்து வரம்புக்கு மேல் விலகினால் கட்டணம் செலுத்த வேண்டும்.

வேலை நடக்கும் வரிசை இது. முதலில் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கொண்டு கணினி நாளைய காற்றைக் கணக்கிடுகிறது. பிறகு அதை அந்தந்த ஊரின் மேடு பள்ளத்துக்கும், காற்றாலையின் உச்சி உயரத்துக்கும் ஏற்பத் திருத்துகிறார்கள். தரையில் நாங்கள் அளந்த காற்றைவிட 80 மீட்டர், 100 மீட்டர் உயரத்தில் காற்று வேகமாக இருக்கும். அடுத்து, மேலே வரைந்த வரைகோட்டைக் கொண்டு காற்றை மின்சாரமாக மாற்றுகிறார்கள். பழுது பார்ப்பதற்காக நிறுத்தியுள்ள காற்றாலைகளைக் கழிக்கிறார்கள். நாள் தொடங்கிய பின் உண்மை உற்பத்தியைப் பார்த்துப் பார்த்து மீதி நேரத்துக்கான கணிப்பைத் திருத்துகிறார்கள்.

பிழையை அவர்கள் கணக்கிடும் விதம் பிள்ளைகளுக்கு வியப்பாக இருந்தது. 100 மெகாவாட் திறனுள்ள காற்றாலைத் தொகுதி 40 மெகாவாட் தருவதாகச் சொல்லி 28 தந்தது என்போம். வேறுபாடு 12. இதை உண்மை உற்பத்தியான 28ஆல் வகுத்தால் பிழை ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆனால் விதிமுறைப்படி இயங்கத் தயாராக உள்ள திறனான 100ஆல் வகுக்க வேண்டும். பிழை 12 விழுக்காடு. எது நியாயம் என்று விவாதம் வைத்தோம். காற்றே இல்லாத நாளில் 4 மெகாவாட் என்று சொல்லி 2 வந்தால், முதல் முறையில் பிழை 100 விழுக்காடாகிவிடும். மின் தொகுப்புக்கோ அந்த 2 மெகாவாட் ஒரு பொருட்டே இல்லை. வகுக்கும் எண்ணை மாற்றினால் கதையே மாறும் என்பதை விழுக்காடு பாடத்தில் இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

கஜா கேட்ட கேள்வி

ஆடிக் காற்றில் திடல் மண் பறந்துகொண்டிருந்த ஒரு நாள், "கஜாப் புயல் அன்னிக்கு ரொம்பக் கரண்டு கெடச்சிருக்குமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். கஜா வந்தபோது இவர்கள் முதல் வகுப்பில் இருந்தார்கள். வீட்டு ஓடு பறந்ததும், தென்னை எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்ததும், பல நாள் இருட்டில் கிடந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

வரைகோட்டின் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். நொடிக்கு 25 மீட்டர் என்பது மணிக்கு 90 கிலோமீட்டர். கஜா மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்தக் காற்றின் பாதையில் ஒரு காற்றாலை இருந்திருந்தால் அது நின்றிருக்கும்.

அந்தப் புயலில் முன்கணிப்பு பற்றி இன்னொரு பாடமும் இருக்கிறது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே சொன்னது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரை கடந்தது. ஓர் ஊரின் பெயரோடு நிறுத்தாமல் ஒரு நெடுங்கரையையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த நெடுங்கரைக்குள் நம் மீமிசலும் கோட்டைப்பட்டினமும் அடங்கும். ஒற்றை ஊரை மட்டும் சொல்லியிருந்தால் மற்றக் கடற்கரை ஊர்கள் அசட்டையாக இருந்திருக்கும்.

அன்று முதல் எங்கள் சீட்டிலும் ஒற்றை எண்ணுக்குப் பதில் "45 முதல் 55 வரை" என்று எழுதத் தொடங்கினோம். ஒரு கெட்டிக்காரன் "0 முதல் 200 வரை" என்று எழுதிப் போட்டான். தினமும் வென்றான். ஆனால் அதை வைத்து அக்கா அரிசி அளக்க முடியுமா? ஆகவே ஒரு விதி வகுத்தோம். பத்து நாளில் எட்டு நாள் உண்மை எண் வரம்புக்குள் விழ வேண்டும். பத்தும் விழுந்தால் வரம்பு தேவைக்கு மேல் அகலம். நான்குதான் விழுந்தால் நமக்கு நம்மீது நம்பிக்கை கூடிவிட்டது.

தவறை அச்சிட்டவர்

கணக்கிட்டே வானிலையைச் சொல்லிவிடலாம் என்று முதன்முதலில் முயன்றவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஓரிடத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று அவர் கணக்கு சொன்னது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அவர் அழிப்பானைத் தேடவில்லை. தவறிய கணக்கை, ஒவ்வொரு படியும் தெரியும்படி 1922இல் நூலாக அச்சிட்டார். படிகள் எல்லாம் கண்முன் இருந்ததால் பின்வந்தவர்கள் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்தார்கள். 1950இல் கணினியைக் கொண்டு முதல் வானிலைக் கணிப்பு செய்யப்பட்டது. இன்று 96 துண்டுகளுக்கும் காற்றைச் சொல்லும் கணினிகள் அந்த வழியில் வந்தவைதாம்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது, குறிப்பேட்டில் அழித்து எழுதிய அந்த மாணவன் பக்கம் நான் திரும்பவே இல்லை. செயல்பாட்டின் கடைசி நாளில் அவனே எழுந்து தன் பிழையைப் படித்தான். "ஒம்பது தள்ளிப் போச்சு டீச்சர். மேக்க மேகம் கட்டுனதைச் சாயங்காலம் பாக்காமலே எழுதிட்டேன்." இப்போது கணக்கு நோட்டுகளில் தவறான விடையின் மேல் கோடு போடுவதை நானும் நிறுத்திவிட்டேன். "எந்தப் படியில் பிசகியது?" என்று பக்கத்தில் எழுதுகிறேன். பதிலை அவர்கள் எழுத வேண்டும்.

உங்கள் வகுப்பில்

தொடக்க வகுப்புகளில் கருவி வேண்டாம். இலை அசைகிறதா, கிளை அசைகிறதா, மரமே ஆடுகிறதா என்று மூன்று படிகள் போதும். நாளை எந்தப் படி என்று படம் வரைந்து பெட்டியில் போடட்டும். ஆறு, ஏழாம் வகுப்புகளில் சராசரி, முழுக்கள், விழுக்காடு ஆகிய பாடங்களோடு இணைக்கலாம். எட்டாம் வகுப்பில் கன எண்களும் சமூக அறிவியலின் வானிலைப் பாடமும் பொருந்தும். உயர்நிலை வகுப்புகளில் வரைபடமும் நிகழ்தகவும் இருக்கின்றன. தமிழாசிரியர்கள் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மரபைச் சேர்த்து நடத்தலாம். கடலோரப் பள்ளியாக இருந்தால் மீனவர் ஒருவரை அழைத்து, நாளைக் காற்றை அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவருடைய கணிப்பும் பெட்டியில் விழட்டும்.

தேவையானவை நான்கு காகிதக் கப்புகள், ஒரு பேனா மூடி, ஒரு சைக்கிள் கம்பி, ஒரு அட்டைப் பெட்டி. அழிப்பான் மட்டும் வேண்டாம். முதல் சீட்டை நீங்கள் போடுங்கள்.